எஸ்எஸ்ஆர் தொடர்ந்து ஷார்ட் ஆகிறது: பேனலுக்குள் ஹீட் சிங்கை எப்படி மாட்டுவது?

#1 டிரையர்_பராமரிப்பு

வணக்கம். எங்கள் பிரிவில் ஒரு டிரையர் ஓடுகிறது. மூன்று பேஸ், 400 வோல்ட், 15 கிலோவாட் ஹீட்டர், ஸ்டார் இணைப்பு, நியூட்ரல் கிடையாது. டெம்பரேச்சர் கண்ட்ரோலரிலிருந்து மூன்று சிங்கிள் பேஸ் எஸ்எஸ்ஆர்களுக்கு (சாலிட் ஸ்டேட் ரிலே, அசையும் பாகம் இல்லாத மின்னணு சுவிட்ச்) 24 வோல்ட் டிசி போகிறது. மூன்றும் 40 ஆம்பியர், சதுர வடிவில் இரண்டு ஸ்குரூவில் மாட்டும் வகை. கிளாம்ப் மீட்டரில் ஒவ்வொரு பேஸிலும் ஏறக்குறைய 22 ஆம்பியர் காட்டுகிறது. பாதிச் சுமைக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆனாலும் வெயில் கூடினால் ஏதாவது இரண்டு எஸ்எஸ்ஆர் ஷார்ட் ஆகிவிடுகின்றன. ஹீட்டர் அணையவே மாட்டேன் என்கிறது.

பேனலை வெளியில் கொடுத்துச் செய்து வாங்கினோம். எஸ்எஸ்ஆர் மூன்றையும் பின்புற மவுண்டிங் பிளேட்டின் மேலேயே, வெள்ளை பேஸ்ட் தடவி முடுக்கியிருக்கிறார்கள். தனி ஹீட் சிங்க் (சூட்டை வாங்கிக் காற்றுக்கு விடும், ஃபின் எனும் தகடு வரிசை உள்ள உலோகத் துண்டு) இல்லை. பெட்டி 800 மி.மீ. உயரம், 600 அகலம், 250 ஆழம். சுவரோடு ஒட்டியது, முழுக்க மூடியது, ஃபேன் கிடையாது. 80 ஆம்பியர் எஸ்எஸ்ஆர் போட்டால் சரியாகிவிடும் என்று பேனல் செய்தவர் சொல்கிறார். சரியாகுமா? இல்லை ஹீட் சிங்க்தான் வழி என்றால் அதை எங்கே, எப்படி மாட்டுவது?

#2 நைட்_ஷிஃப்ட்

80 போட்டாலும் வாட் கிட்டத்தட்ட அதே வாட்தான். இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போகும், அவ்வளவே. ஹீட் சிங்க் இல்லாத 22 ஆம்பியர் எஸ்எஸ்ஆர் இத்தனை நாள் ஓடியதே பெரிய விஷயம்.

#3 வாட்_கணக்கு

நைட்_ஷிஃப்ட் சொல்வது சரி. ஆனால் ஏன் என்பதை எண்களோடு பார்த்துவிட்டால் இனி எந்தப் பேனலுக்கும் நீங்களே கணக்குப் போடலாம்.

காண்டாக்டரில் (காயில் இழுத்து மூடும் சுவிட்சில்) தொடுமுனை மூடினால் அதன் மேல் விழும் மின்னழுத்தம் மிகக் குறைவு. எஸ்எஸ்ஆருக்குள் இருப்பது டிரையாக் அல்லது எதிரெதிராக இணைத்த இரண்டு தைரிஸ்டர், அதாவது குறைகடத்திச் சுவிட்ச். ஆன் ஆன நிலையிலும் அதன் மேல் ஏறக்குறைய 1 முதல் 1.5 வோல்ட் வரை விழுந்துகொண்டே இருக்கும். அந்த வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் கிடைப்பது சூடாக மாறும் வாட். 1.2 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 22 ஆம்பியருக்கு 26 வாட். மூன்று எஸ்எஸ்ஆருக்கு 78 வாட். ஹீட்டர் ஆனில் இருக்கும் நேரம் முழுக்க அந்தச் சூடு உங்கள் பெட்டிக்குள் இறங்குகிறது.

80 ஆம்பியர் எஸ்எஸ்ஆரில் சில்லு பெரியது என்பதால் அந்த 1.2 வோல்ட் கொஞ்சம் குறையலாம். ஆனால் அதில் பெரும்பகுதி குறைகடத்தியின் இயல்பிலேயே உள்ள வீழ்ச்சி. சில்லைப் பெரிதாக்கியதால் மட்டும் அது மறையாது. 26 வாட் 23 வாட் ஆகலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்புறம் அந்த 40 என்ற எண். எஸ்எஸ்ஆரின் உலோக அடித்தகடு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டாத வரைக்கும்தான் அது செல்லும். தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில், அதாவது டேட்டாஷீட்டில், ஒரு சரிவுக் கோட்டு வரைபடம் இருக்கும். ஒரு பக்கம் சுற்றுப்புற வெப்பநிலை, மறுபக்கம் அனுமதிக்கும் ஆம்பியர், நடுவில் ஹீட் சிங்கின் அளவுக்கு ஒரு கோடு. ஹீட் சிங்க் இல்லாத நிலைக்கான கோட்டைப் பாருங்கள். இந்தச் சதுர வகைகளில் அது வெறும் சில ஆம்பியரிலேயே நிற்கும். எஸ்எஸ்ஆர் வாங்கும்போது முன்பக்க எண்ணைப் பார்க்கும் எல்லோரும் அந்தப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டால் இந்த மாதிரி இழைகளில் பாதி வராது.

இப்போது ஹீட் சிங்க் கணக்கு. தைரிஸ்டர் சில்லு பொதுவாக 125 டிகிரி வரை தாங்கும். அந்த விளிம்பில் ஓட்டக் கூடாது என்பதால் அடித்தகடு 85 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். பேனலுக்குள் காற்று 50 டிகிரி என்றால் கையில் இருப்பது 35 டிகிரி. 35 ஐ 26 வாட்டால் வகுத்தால் 1.35. பேஸ்ட் படலத்துக்கு ஒரு வாட்டுக்கு 0.1 டிகிரி கழித்தால் 1.25. ஆக, ஒவ்வொரு எஸ்எஸ்ஆருக்கும் ஒரு வாட்டுக்கு 1.2 டிகிரி அல்லது அதற்கும் குறைவான வெப்பத் தடை உள்ள ஹீட் சிங்க் வேண்டும். மூன்றுக்கும் பொதுவான ஒன்று என்றால் 0.4 அளவுக்குப் போக வேண்டும். அது பெரிய துண்டு.

கண்ட்ரோலர் நிலைக்கு வந்த பிறகு பாதி நேரம்தானே ஆனில் இருக்கும், பாதி வாட்டுக்குக் கணக்குப் போடலாமே என்று சிலர் கேட்பார்கள். காலையில் டிரையர் சூடேறும்போது எஸ்எஸ்ஆர் தொடர்ந்து ஆனில் இருக்கும். அந்த நேரத்துக்குள் ஹீட் சிங்க் முழுச் சூட்டுக்கு வந்துவிடும். முழு வாட்டுக்கே கணக்குப் போடுங்கள்.

பேனலுக்குள் காற்று எத்தனை டிகிரி என்று அளந்தீர்களா? அதுதான் இங்கே முக்கியமான எண்.

#4 டிரையர்_பராமரிப்பு

மிக்க நன்றி சார். பிளேட்டின் மேல்பகுதியில், எஸ்எஸ்ஆர் பக்கத்தில் தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் வயர்) தொங்கவிட்டுப் பார்த்தேன். வெளியே அறையில் 40, உள்ளே 62.

ஒரு சந்தேகம். மவுண்டிங் பிளேட் எவ்வளவு பெரிய இரும்புத் தகடு! அதுவே ஹீட் சிங்க் வேலையைச் செய்யாதா? பெயின்டைச் சுரண்டிவிட்டு மாட்டினால்?

#5 தகடு_வேலை

செய்யாது தம்பி. இரும்பு வெப்பத்தைக் கடத்தும் திறன் அலுமினியத்தில் ஏறக்குறைய கால் பங்குதான். அதோடு பிளேட் 2 அல்லது 2.5 மி.மீ. தடிமன். எஸ்எஸ்ஆருக்கு அடியில் இருக்கும் இடம் கொதிக்கும், ஒரு சாண் தள்ளிக் கை வைத்தால் சாதாரணமாக இருக்கும். பிளேட் பெரிதாக இருந்தாலும் அந்தப் பரப்புக்குச் சூடு போய்ச் சேர்வதில்லை. பிளேட்டின் பின்பக்கமும் பெட்டியின் முதுகோடு ஒட்டி நிற்பதால் அங்கே காற்று ஓடாது.

பெயின்டைச் சுரண்டும் யோசனையையும் விட்டுவிடுங்கள். பவுடர் கோட்டிங் வெப்பத்தைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் கிரைண்டர் வைத்து எடுத்த இடம் மேடும் பள்ளமுமாக இருக்கும். அதை பேஸ்ட்டால் நிரப்பி அதன் மேல் எஸ்எஸ்ஆரை முடுக்கினால் அடித்தகடு வளையும். அடித்தகட்டுக்கு மேல் ஒட்டியிருப்பது பீங்கான். வளைந்தால் அது விரிசல் விடும். அலுமினிய ஹீட் சிங்க் வாங்குங்கள், மேற்பரப்பு எந்திரத்தில் சமன் செய்ததாக இருக்கட்டும், பெயின்ட் பூசாததாக இருக்கட்டும்.

#6 வாட்_கணக்கு

62 என்றால் என் மேல்கணக்கு மாறுகிறது. 85 இல் 62 போனால் 23. அதை 26 ஆல் வகுத்து, பேஸ்ட்டுக்கும் கழித்தால் 0.8 கூட வராது. இன்னும் பெரிய ஹீட் சிங்க் வேண்டும். அதையும் அதே மூடிய பெட்டிக்குள்தான் வைக்கப் போகிறீர்கள். ஹீட் சிங்க் சூட்டை அழிப்பதில்லை, எஸ்எஸ்ஆரிடமிருந்து வாங்கி உள்ளே இருக்கும் காற்றுக்குக் கொடுக்கிறது. அந்தக் காற்று எங்கே போகும் என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

மூடிய பெட்டி தன் சுவர் வழியாகத்தான் சூட்டை விடும். பெயின்ட் பூசிய இரும்புத் தகட்டுக்கு, சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்தில் 5.5 வாட் என்று பேனல் கணக்குகளில் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் பெட்டியில் முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, மேல்பக்கம் சேர்த்து ஏறக்குறைய 1 சதுர மீட்டர். முதுகு சுவரோடு ஒட்டியிருப்பதால் அதைச் சேர்க்கவில்லை. எஸ்எஸ்ஆர் 78 வாட், பவர் சப்ளை, காண்டாக்டர் காயில், கண்ட்ரோலர் எல்லாம் சேர்த்து ஒரு 40 வாட். மொத்தம் 118. அதை 5.5 ஆல் வகுத்தால் 21. வெளியே 40 என்றால் உள்ளே சராசரி 61. நீங்கள் அளந்ததும் அதுதானே.

#7 டிரையர்_பராமரிப்பு

அப்படியே பொருந்துகிறது சார். அதாவது எஸ்எஸ்ஆர் எத்தனை மாற்றினாலும் பெட்டி இப்படியே இருந்தால் பயனில்லை.

#8 பேனல்_வயரிங்

மாட்டும் முறையைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, அதைச் சொல்கிறேன். நல்ல ஹீட் சிங்க் வாங்கித் தவறாக மாட்டிய பேனல்களை நிறையப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

முதலில் திசை. ஃபின்கள் செங்குத்தாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும். ஃபேன் இல்லாதபோது காற்றை நகர்த்துவது அதன் சொந்தச் சூடு மட்டுமே. இரண்டு ஃபின்களுக்கு நடுவில் இருக்கும் வழி ஒரு புகைபோக்கி போல வேலை செய்கிறது. படுக்கை வசத்தில் மாட்டினால் சூடான காற்று ஃபின்னுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். டின் ரெயிலில் (பேனலுக்குள் சாதனங்களை மாட்டும் உலோகப் பட்டையில்) மாட்டும் ரெடிமேட் எஸ்எஸ்ஆர்களில் ஃபின் அமைப்பு கிடைமட்ட ரெயிலுக்காகவே செய்யப்பட்டது. இடம் போதவில்லை என்று ரெயிலைச் செங்குத்தாக நிறுத்தினால் ஃபின் படுத்துவிடும். அப்போது ஆம்பியரைக் கணிசமாகக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும். எவ்வளவு என்று டேட்டாஷீட் சொல்லும்.

இரண்டாவது, காற்றுக்கு வழி. ஹீட் சிங்கின் தலைக்கு நேர் மேலே வயர் டக்ட் (வயர்கள் ஓடும் பிளாஸ்டிக் கால்வாய்) ஓடுவதுதான் பேனல்களில் நான் மிக அதிகமாகப் பார்க்கும் குறை. வரைபடத்தில் அழகாக இருக்கும். நிஜத்தில் அது புகைபோக்கிக்கு மூடி. மேலேயும் கீழேயும் குறைந்தது 50 மி.மீ. விடுங்கள், 80, 100 விட முடிந்தால் இன்னும் நல்லது. பக்கத்துப் பக்கத்தில் எஸ்எஸ்ஆர்களை ஒட்டி அடுக்கும்போதும் டேட்டாஷீட் கேட்கும் இடைவெளியை விடுங்கள். ஒன்றின் தலைக்கு மேல் இன்னொன்றை மாட்டினால் மேலே இருப்பது கீழே இருப்பதன் சுடுகாற்றைத்தான் குடிக்கும். வேறு வழி இல்லை என்றால் சற்று விலக்கி மாட்டுங்கள்.

மூன்றாவது, ஒட்டும் முகம். இரண்டு பரப்பையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். துளை போட்டிருந்தால் அதன் விளிம்பில் பிசிறு இருக்கும். அதை எடுக்காமல் மாட்டினால் எஸ்எஸ்ஆர் அந்தப் பிசிறின் மேல்தான் உட்காரும். பேஸ்ட்டை மிக மெல்லிய, அடியில் இருக்கும் உலோகம் மங்கலாகத் தெரியும் அளவுக்குத் தடவுங்கள். உலோகங்களுக்கு நடுவில் இருக்கும் நுண்ணிய காற்று இடைவெளிகளை நிரப்பவே பேஸ்ட். காற்றைவிட அது பல மடங்கு நன்றாகக் கடத்தும், அலுமினியத்தோடு ஒப்பிட்டால் மிக மோசமாகக் கடத்தும். அதனால்தான் தடியாகப் பூசினால் கெடுதல். எஸ்எஸ்ஆரை வைத்து, அழுத்தியபடி இப்படியும் அப்படியும் சிறிது திருப்பினால் உள்ளே இருக்கும் காற்றுக் குமிழி வெளியேறும்.

அப்புறம் முடுக்குவது. இரண்டு ஸ்குரூவையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு மற்றதுக்குப் போனால் ஒரு ஓரம் தூக்கிக்கொள்ளும். இந்தச் சதுர வகைக்கு டார்க் (முடுக்கும் திருகு விசை) பொதுவாக 2 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். உங்கள் எஸ்எஸ்ஆரின் டேட்டாஷீட்டில் எவ்வளவு என்று பார்த்து அதையே பின்பற்றுங்கள். டார்க் ஸ்குரூ டிரைவர் இல்லாமல் கைக்கணக்கில் முடுக்குபவர்கள் பெரும்பாலும் அதிகமாகவே முடுக்குகிறார்கள். ஸ்குரூக்கள் இரண்டு ஓரத்தில், சூடு நடுவில். ஓரங்களை அளவுக்கு மீறி இழுத்தால் நடுப்பகுதி மேலே வளைந்து, எங்கே ஒட்ட வேண்டுமோ அங்கே விலகிவிடும்.

கடைசியாக எர்த். எஸ்எஸ்ஆருக்குள் அடித்தகடு மின்சாரத்திலிருந்து பிரிக்கப்பட்டிருந்தாலும் ஹீட் சிங்கைத் தனி வயர் போட்டு எர்த் செய்யுங்கள். அலுமினியத்தின் மேல் இருக்கும் அனோடைஸ் (ஆக்சைடு) படலம் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் எர்த் லக் (வயர் முனையில் அழுத்திப் பொருத்தும் உலோகக் காது) உட்காரும் இடத்தில் படலத்தைச் சுரண்டி, பல் வாஷர் போடுங்கள். பிளேட்டோடு ஸ்குரூ போட்டிருக்கிறதே, அதுவே எர்த் என்று விட்டுவிடாதீர்கள்.

#9 நைட்_ஷிஃப்ட்

தெர்மல் பேட் பற்றியும் ஒரு வரி. சில எஸ்எஸ்ஆர்கள் பேட் ஒட்டியே வருகின்றன. அதன் மேல் மறுபடி பேஸ்ட் தடவக் கூடாது. கழற்றினால் பேட்டை மாற்ற வேண்டும். ஒருமுறை அமுங்கிய பேட் மறுபடி அதே மாதிரி உட்காராது. பேஸ்ட்டும் அப்படியே, கழற்றினால் துடைத்துப் புதிதாகத் தடவுங்கள். ரிப்பேர் அவசரத்தில் பழைய காய்ந்த பேஸ்ட்டின் மேலேயே புது எஸ்எஸ்ஆரை முடுக்கிவிட்டுப் போவது அடுத்த ரிப்பேருக்குத் தேதி குறிப்பது மாதிரி.

#10 தகடு_வேலை

எஸ்எஸ்ஆர் பேனலின் மேல்பகுதியில் இருக்க வேண்டும், கண்ட்ரோலரும் பவர் சப்ளையும் அதற்குக் கீழே. சூடு மேலே போகும் என்பதால் கீழே எஸ்எஸ்ஆர் வைத்தால் அதன் சுடுகாற்று முழுக்க எலக்ட்ரானிக்ஸ் மேல் ஏறும். பவர் சப்ளைக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்கு ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பழைய கணக்கு. எஸ்எஸ்ஆர் பிழைத்துக்கொண்டாலும் பக்கத்தில் இருப்பது சாகும்.

#11 வாட்_கணக்கு

இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மூடிய பெட்டியில் நீங்கள் சொல்வது சரி. அப்போதும் கணக்கை மேல்பகுதியின் வெப்பநிலைக்குப் போட வேண்டும். பெட்டியின் சராசரிக்குப் போட்டால் ஏமாற்றும். ஆனால் கீழே ஃபில்டர் ஃபேன் வைத்து வெளிக்காற்றை உள்ளே தள்ளும் பெட்டியில் எஸ்எஸ்ஆரை அந்தக் குளிர்ந்த காற்றின் பாதையில், பக்கவாட்டில் கீழே வைத்து, எலக்ட்ரானிக்ஸை மறுபக்கம் வைத்தால் இரண்டும் நன்றாக ஓடும். காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாக வெளியே போகிறது என்று முதலில் வரைந்துகொள்ளுங்கள். எஸ்எஸ்ஆரின் இடம் அதிலிருந்து வரும்.

#12 தகடு_வேலை

ஃபேன் உள்ள பெட்டிக்கு அது சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஃபேன் நின்றுபோகும் நாளையும் நினைத்துப் பார்த்து வைக்கச் சொல்கிறேன், அவ்வளவே.

#13 டிரையர்_பராமரிப்பு

இன்னொரு குழப்பம். பக்கத்துப் பேனலில் பளபளப்பான அலுமினிய ஹீட் சிங்கில் எஸ்எஸ்ஆர் இருக்கிறது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ஹீட் சிங்கைச் சுட்டினால் 46 காட்டுகிறது. எஸ்எஸ்ஆரின் பிளாஸ்டிக் உடலில் 71. ஹீட் சிங்க் அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தால் பேஸ்ட் சரியில்லை என்று அர்த்தமா?

#14 வாட்_கணக்கு

அந்த 46 ஐ நம்ப வேண்டாம். பளபளப்பான அலுமினியம் அகச்சிவப்புக் கதிரை மிகக் குறைவாகவே வெளிவிடும்; கண்ணாடி போல எதிரில் இருப்பதைப் பிரதிபலிக்கும். தெர்மாமீட்டர் அளந்தது பெரும்பாலும் பேனல் கதவின் சூடு. ஹீட் சிங்க் மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, சிறிது நேரம் விட்டு, டேப்பின் மேல் சுட்டுங்கள். அல்லது தெர்மோகப்பிளை எஸ்எஸ்ஆரின் அடித்தகட்டு ஓரத்தில், ஹீட் சிங்கோடு சேர்த்து ஒட்டி அளந்து பாருங்கள்.

கறுப்பு அனோடைஸ் செய்த ஹீட் சிங்க் ஏன் என்பதற்கும் இதுவே காரணம். ஃபேன் இல்லாத இடத்தில் சூட்டின் ஒரு பகுதி கதிராகவே வெளியேறும். பளபளப்பான உலோகத்தில் அந்தப் பங்கு கிடைக்காது.

#15 டிரையர்_பராமரிப்பு

டேப் ஒட்டிப் பார்த்தேன். 66 காட்டுகிறது. அப்போது பேஸ்ட்டில் குறை இல்லை. நன்றி.

இப்போது என் பெட்டிக்கு ஃபேன் வைக்கலாம் என்று நினைக்கிறேன். எவ்வளவு பெரிய ஃபேன்?

#16 வாட்_கணக்கு

மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று வேண்டும் என்பதற்கு, வாட்டை 3.1 ஆல் பெருக்கி, எத்தனை டிகிரி ஏற்றத்தை அனுமதிக்கிறீர்களோ அதனால் வகுக்க வேண்டும். 118 வாட், 10 டிகிரி என்றால் ஏறக்குறைய 37 கன மீட்டர். ஃபில்டர் அடைக்கும்போது ஓட்டம் பாதியாகும் என்பதால் ஃபில்டரோடு சேர்த்து 70, 80 தரும் ஃபேன் எடுங்கள். கீழே உள்ளே தள்ளும்படி ஃபேன், மேலே எதிர்ப்பக்கம் வெளியேறும் ஃபில்டர். உள்ளே தள்ளினால் பெட்டிக்குள் அழுத்தம் சற்றுக் கூடி, இடுக்கு வழியாகத் தூசி உள்ளே வராது.

#17 டிரையர்_பராமரிப்பு

எங்கள் இடத்தில் பஞ்சுத் தூசி அதிகம் சார். ஃபில்டர் ஒரு வாரம் தாங்குமா என்பதே சந்தேகம்.

#18 பேனல்_வயரிங்

அப்படியென்றால் ஃபேனை மறந்துவிடுங்கள். ஹீட் சிங்கைச் சுவர் வழியாக மாட்டுங்கள். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டில் செவ்வகமாக வெட்டி, ஹீட் சிங்கின் தட்டை முகம் உள்ளே, ஃபின்கள் வெளியே. விளிம்பைச் சுற்றி கேஸ்கெட். எஸ்எஸ்ஆரும் வயரும் உள்ளேயே பத்திரமாக இருக்கும். 78 வாட் பெட்டிக்குள் வராமலே வெளியே போய்விடும். உள்ளே மிஞ்சுவது அந்த 40 வாட். அதற்குப் பெட்டியின் சுவரே போதும், உள்ளே 7 டிகிரிதான் ஏறும்.

வெட்டும்போது உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் மூடிக்கொள்ளுங்கள். இரும்புத் தூள் ஒரு துளி பவர் சப்ளைக்குள் விழுந்தால் போதும். ஃபின்கள் வெளியே கை படும் உயரத்தில் இருந்தால் ஓட்டை போட்ட தகடு மறைப்பு வேண்டும், மேலும் கீழும் திறந்தபடி. பஞ்சு இருக்கும் இடம் என்பதால் ஃபின்களுக்கு நடுவில் 8, 10 மி.மீ. இடைவெளி உள்ளதாக எடுங்கள். கம்ப்யூட்டர் ஹீட் சிங்க் போல நெருக்கமான ஃபின்கள் ஃபேன் இருந்தால்தான் வேலை செய்யும். இங்கே பஞ்சு அடைத்துக்கொள்ளும்.

#19 நைட்_ஷிஃப்ட்

சூட்டைப் பற்றி எல்லோரும் நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். எனக்குப் பயமாக இருப்பது முதல் பதிவில் இருக்கும் ஒரு வரி: "ஹீட்டர் அணையவே மாட்டேன் என்கிறது". எஸ்எஸ்ஆர் செத்தால் பெரும்பாலும் ஷார்ட்டாகத்தான் சாகும். இரண்டு அப்படிச் செத்தால் கண்ட்ரோலர் எவ்வளவு கத்தினாலும் ஹீட்டர் ஓடும். பஞ்சு இருக்கும் இடத்தில் இது தீ விபத்து.

எஸ்எஸ்ஆருக்கு முன்னால் ஒரு காண்டாக்டர் இருக்கிறதா? அதன் காயிலைத் தனி சென்சாரும் தனி ஓவர் டெம்பரேச்சர் யூனிட்டும் வெட்ட வேண்டும். கண்ட்ரோலரின் அதே சென்சாரை நம்பாதீர்கள். அந்த சென்சார் கழன்று விழுந்தால் இரண்டும் ஒன்றாக ஏமாறும்.

ஹீட் சிங்கிலும் ஒரு தெர்மல் சுவிட்ச் மாட்டுங்கள், 80 டிகிரியில் திறப்பது, எஸ்எஸ்ஆருக்குப் பக்கத்தில். அதை 24 வோல்ட் கட்டுப்பாட்டு வயரில் தொடராகப் போட்டால் சூடு ஏறும்போது எஸ்எஸ்ஆர் அணையும், ஷார்ட் ஆவதற்கு முன்பே காப்பாற்றும். ஷார்ட் ஆன பிறகு அதனால் எதுவும் செய்ய முடியாது, அதற்குத்தான் காண்டாக்டர். இரண்டும் வேண்டும்.

#20 டிரையர்_பராமரிப்பு

காண்டாக்டர் இருக்கிறது அண்ணா. ஆனால் அது ஸ்டார்ட், ஸ்டாப் பட்டனோடு மட்டும் இணைந்திருக்கிறது. ஓவர் டெம்பரேச்சர் யூனிட் இல்லை. இன்றே எழுதிக் கேட்கிறேன்.

#21 வாட்_கணக்கு

அதை முதல் வேலையாகச் செய்யுங்கள். அது வரும் வரை ஆள் இல்லாமல் டிரையரை ஓட்ட வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் ஹீட்டர் ஸ்டார், நியூட்ரல் இல்லை என்றீர்கள். அப்படியானால் மூன்று எஸ்எஸ்ஆர் தேவையே இல்லை. இரண்டு பேஸில் எஸ்எஸ்ஆர், மூன்றாவது பேஸ் காண்டாக்டரிலிருந்து நேராக ஹீட்டருக்கு. இரண்டும் அணைந்தால் மின்னோட்டம் திரும்பிப் போக வழி இல்லை, ஹீட்டர் அணைந்துவிடும். 78 வாட் 52 வாட் ஆகும். டெல்டாவுக்கும் இது பொருந்தும். நியூட்ரல் போட்ட ஸ்டாருக்குப் பொருந்தாது, மூன்றாவது பேஸ் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதில் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டியது: எஸ்எஸ்ஆர்கள் அணைந்திருந்தாலும் ஹீட்டர் முனைகளில் மூன்றாவது பேஸ் இருக்கும். மூன்று எஸ்எஸ்ஆர் இருந்தாலும்கூட உள்ளே இருக்கும் ஸ்னப்பர் (மின்னழுத்தத் துள்ளலைத் தணிக்கும் சிறு சுற்று) வழியாகச் சில மில்லி ஆம்பியர் கசியும். ஐசொலேட்டரை (மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்சை) திறந்து, பூட்டி, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். பேனல் கதவின் உள்பக்கம் இதை எழுதி ஒட்டுங்கள், உங்களுக்குப் பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும்.

#22 டிரையர்_பராமரிப்பு

வேலை முடிந்தது, எண்களைப் போடுகிறேன். தனி ஓவர் டெம்பரேச்சர் யூனிட் வந்துவிட்டது, காண்டாக்டரை அது வெட்டுகிறது. சென்சாரைத் தனியாகச் சூடுபடுத்திச் சோதித்தோம். இரண்டு எஸ்எஸ்ஆர், மூன்றாவது பேஸ் நேர். பக்கவாட்டுச் சுவரில் வெட்டி 0.6 ஹீட் சிங்க், ஃபின் வெளியே, செங்குத்து. தெர்மல் சுவிட்ச் 80.

அறை 38 இருக்கும்போது டிரையரை முழுச் சூட்டில் ஓட்டி அளந்தேன். ஹீட் சிங்க் 68, பேனலுக்குள் காற்று 46. முதல் எஸ்எஸ்ஆரின் அடித்தகட்டு ஓரம் 71. இரண்டாவதில் 77. இரண்டிலும் ஒரே ஆம்பியர், ஒரே பேஸ்ட், ஒரே டார்க். அந்த 6 டிகிரி எங்கிருந்து?

#23 பேனல்_வயரிங்

டெர்மினலைப் பாருங்கள். லக் சரியாக கிரிம்ப் ஆகாமலோ (அழுத்திப் பிடிக்காமலோ) ஸ்குரூ தளர்ந்தோ இருந்தால் அங்கே பிறக்கும் சூடு செம்பு வழியாக எஸ்எஸ்ஆருக்குள்ளேயே இறங்கும். ஹீட் சிங்க் போதவில்லை என்பது போலத் தெரியும். சுமை ஓடும்போது மீட்டரை மில்லி வோல்ட் ஏசியில் வைத்து, வயரின் செம்புக்கும் டெர்மினல் தலைக்கும் நடுவில் அளந்து பாருங்கள். ஓடும் மின்சாரத்தில் அளப்பது. கையுறை, தகுந்த தரமுள்ள புரோப், பக்கத்தில் இன்னொருவர் இல்லாமல் செய்ய வேண்டாம். கண்ட்ரோலரை மேனுவலில் வைத்து 100 சதவீதத்தில் நிறுத்திவிட்டு அளக்க வேண்டும்.

#24 டிரையர்_பராமரிப்பு

முதல் எஸ்எஸ்ஆரின் இரண்டு முனையிலும் 4, 5 மில்லி வோல்ட். இரண்டாவதின் சுமைப் பக்க முனையில் 140.

#25 வாட்_கணக்கு

140 மில்லி வோல்ட்டை 22 ஆம்பியரால் பெருக்குங்கள். 3 வாட். ஒரு ஸ்குரூவின் தலையளவு இடத்தில் அது பெரிய சூடு. அந்த லக்கை வெட்டிவிட்டுப் புதிதாக கிரிம்ப் செய்யுங்கள். பழைய லக்கையே இறுக்கிப் பார்க்க வேண்டாம், சூடுபட்ட செம்பு நிறம் மாறியிருக்கும்.

#26 டிரையர்_பராமரிப்பு

சொன்னபடியே நிறம் மாறியிருந்தது. நல்ல செம்பு வரும் வரை வயரை வெட்டிப் புது லக் போட்டேன். இப்போது 5 மில்லி வோல்ட், அடித்தகடு 72.

#27 பேனல்_வயரிங்

நல்லது. சில நாள் சூடேறி ஆறிய பிறகு, அடுத்த ஷட்டவுனில் எல்லா டெர்மினலையும் ஒருமுறை டார்க் வைத்துப் பாருங்கள். அப்போதே ஃபின்களுக்கு நடுவில் இருக்கும் பஞ்சையும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.